மைனஸ் நாற்பத்திரண்டு இஞ்சு இடுப்பு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கட்டிங் மாஸ்டரும் தையல் மெஷின்கள் நான்கும் நலம். அங்கு தங்கள் நலமும் அக்காவின் நலமும் தங்கள் கணினியின் நலமும் அறிய அவா. தங்கள் தங்கையின் நலத்தைப் பற்றி என்னால் உறுதியாக எதுவும் எழுத முடியவில்லை. ஏனென்றால் நேற்றுக் காலை "நல்லா இருக்கியா" என்று கேட்டேன், அவள் "ஏழு" என்றாள். பத்துக்கு ஏழா, நூற்றுக்கு ஏழா என்று கேட்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

சங்கதி என்னவென்றால், வருகிற சனிக்கிழமை காலை இந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் புதுக் கட்டடத்தைத் திறக்கிறார்கள். அவர்களுடைய வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு பேர். அந்த இருபத்திரண்டு பேருக்கும் சீருடைச் சட்டை நம் கடையில்தான். இன்று புதன்கிழமை. சட்டைகள் தைத்தாகிவிட்டன, ஆனால் ஒன்றுகூட ஒருவருக்கும் சரியாக இல்லை. எந்தச் சட்டையில் எந்த இடத்தைப் பிரிக்க வேண்டும், எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் தங்கள் தங்கை. அவள் ஒன்பது நாளாக என்னிடம் எண்களைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. இதற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள் அனுப்பிய புரோகிராம். ஆகவே தாங்கள்தான் வந்தோ, சொல்லியோ, அதட்டியோ அவளைப் பேச வைக்க வேண்டும் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "சின்ன விஷயம் மாப்பிள்ளை" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அளவெடுப்பது உங்கள் தங்கையின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஆளை நிற்க வைத்து அளந்து, கடைக் கணினியில் அவளே தட்டிவிடுவாள். நம் தேவை ஒருவருக்கு ஐந்தே ஐந்து எண்: மார்பு, இடுப்பு, தோள், கை, உயரம். இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். அவள் என்ன எழுதுவாள் என்றால், "இவர் பார்த்தால் கோபக்காரர் மாதிரி தெரிகிறது, ஆனால் பல்வலிதான், காலரை இறுக்க வேண்டாம், போன மாதம்தான் வீடு மாறினாராம், புது வீட்டில் தண்ணீர் சரியாக வருவதில்லையாம், மார்பு 39" என்று எழுதுவாள். அந்த முப்பத்தொன்பதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பல்வலி வந்துவிடும். ஒரு சட்டைக்கு ஒரு பக்கம். இருபத்திரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்டேன், இவ்வளவு பெரிய எழுத்துக் கூட்டத்திலிருந்து எண்களை மட்டும் பொறுக்கித் தர ஏதாவது வழி உண்டா என்று. நீங்களும் தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இப்படி ஒருவன் வந்து கேட்கமாட்டானா என்று காத்திருந்தவர்போல, மறுநாளே இரண்டு தாளில் அச்சடித்து அனுப்பிவிட்டீர்கள்.

புரோகிராமை நான் குறை சொல்லவில்லை. நானே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டி ஓடவிட்டேன். அது ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகிறது. எண்ணாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்கிறது, எழுத்தாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறது. ஒட்டியிருக்கும் இலக்கங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. முதலில் கிடைப்பது மார்பு, அடுத்தது இடுப்பு, அப்புறம் தோள், கை, உயரம். கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபத்திரண்டு பேரும் ஒரே தாளில் வரிசையாக வந்து நின்றார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுத் தாளை நீட்டி, "இனிமே அவ எழுதறதுல எண்ணு மட்டும் போதும் மாஸ்டர். மத்ததெல்லாம் குப்பை" என்றேன்.

போட்டுப் பார்க்கும் அறையின் திரை விலகியது. அங்கே யாருக்கோ முந்தைய ஆர்டர் ஒன்றைக் குத்திக்கொண்டிருந்த உங்கள் தங்கை வெளியே வந்தாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அது என் நல்ல காலம் என்று அப்போது நினைத்தேன். ஒவ்வொரு ஊசியாக எடுத்து மேசையிலிருந்த ஊசி மெத்தையில் குத்தினாள். குத்தும்போது எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினொன்று வரை எண்ணிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மச்சான், அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு எழுத்துக்கூட எனக்காக வரவில்லை. எண்தான்.

மாஸ்டர் வேறு. அவருக்கும் உள்ளுக்குள் வருத்தம்போல. தாளில் உள்ளபடி வெட்டுங்கள், சொந்தப் புத்தியை உபயோகிக்க வேண்டாம் என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தேன். சொன்னது தப்புதான். ஆனால் முப்பது வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காத மனுஷன், இதை மட்டும் அப்படியே கேட்டுவிட்டார். மறுநாள் நான் வருவதற்குள் ஆறு சட்டைக்கு வெட்டி, தைக்கவும் கொடுத்துவிட்டார். முதலில் என் கண்ணில் பட்டது ட்ரம்பெட் ஊதுகிறவரின் சட்டை. மார்பும் இடுப்பும் ஒழுங்கு, கை ஐந்தே இஞ்சு. தோள் பதினேழரை என்பதை உங்கள் தங்கை 17.5 என்று எழுதியிருக்கிறாள். உங்கள் புரோகிராம் நடுவில் இருந்த புள்ளியை எழுத்து என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டது. பதினேழு தோளுக்குப் போயிற்று, ஐந்து கைக்குப் போயிற்று, கைக்குரிய இருபத்துநாலு உயரத்துக்குப் போயிற்று. அதை விடுங்கள். டிரம் அடிக்கிறவருக்கு ஒரு சட்டை வெட்டியிருந்தார் பாருங்கள், தோள் நாற்பது இஞ்சு, மார்பு இரண்டு இஞ்சு. மாஸ்டர் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "குடை உறை நல்லா வந்திருக்கு" என்றார். விசாரித்தால், அளவு சொல்வதற்கு முன்னால், இவருக்கு 2 பிள்ளைகள், இரண்டும் சேட்டை என்று உங்கள் தங்கை எழுதியிருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் போய் மார்பில் உட்கார்ந்துவிட்டன, மார்பு இடுப்புக்கு இறங்கிவிட்டது, இடுப்பு தோளுக்கு ஏறிவிட்டது.

புல்லாங்குழல் வாசிக்கும் பெண்ணின் கதை இதைவிட மோசம். அவளைக் கூப்பிட வேண்டுமானால் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடாதே, இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று முதல் வரியிலேயே எட்டு இலக்கத்தில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்திருக்கிறாள். மாஸ்டர் அந்தச் சட்டையை மட்டும் வெட்டவில்லை. தாளோடு என் முன்னால் வந்து நின்று, இந்தப் பெண்ணின் மார்பு நாலு கோடிச் சொச்சம் இஞ்சு, அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே, துணி பற்றாது போலிருக்கிறது, இன்னொரு சுருள் சொல்லட்டுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். வாத்தியக் குழுத் தலைவருக்கோ ஒரு எண்ணுமே வரவில்லை. அவர் பெயருக்கு எதிரே வெள்ளைத் தாள். ஏன் என்றால், பெரிய மனிதர் என்று மரியாதை கொடுத்து, அவருடைய அளவை எல்லாம் உங்கள் தங்கை எழுத்தால் எழுதியிருக்கிறாள். முப்பத்தெட்டு, முப்பத்தாறு என்று. எழுத்து என்பதால் ஆளையே காணோம்.

உங்களுக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அப்படி வரவே வராதே மாப்பிள்ளை" என்றீர்கள். வந்திருக்கிறது, என் கையில் இருக்கிறது, இரண்டு இஞ்சு மார்பு என்றேன். வர வாய்ப்பே இல்லை என்று மறுபடியும் சொன்னீர்கள். படித்தவர்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் மனசில்லாமல், புள்ளியையும் எண்ணோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எதற்கும் இருக்கட்டும், மைனஸ் குறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத்துக்கு எழுத்துச் சொன்னீர்கள். தட்டினேன். ட்ரம்பெட்காரருக்குக் கை முளைத்தது. ஆனால் தாளத்தட்டு அடிக்கிறவருக்கு உங்கள் தங்கை மார்பு 40-42 என்று எழுதியிருக்கிறாள், மூச்சு விட்டால் நாற்பது, இழுத்தால் நாற்பத்திரண்டு என்ற கணக்கில். அந்த நடுக்கோட்டை உங்கள் புரோகிராம் மைனஸ் என்று எடுத்துக்கொண்டது. மார்பு நாற்பது, இடுப்பு மைனஸ் நாற்பத்திரண்டு. மாஸ்டர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இடுப்பு உள் பக்கமா போயிருக்குங்களா?" என்றார். உள்ளே பட்டன் துளைகளுக்குக் காஜா போடுகிற அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது. உங்கள் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "மைனஸ் நாப்பத்திரெண்டு" என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எண் என்பதால் அனுமதிபோல.

சரி, மூலக் கோப்பைத் திறந்து நானே கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று போனேன். மூலக் கோப்பு இல்லை. அதாவது இருக்கிறது, அதே பெயரில் இருக்கிறது, ஆனால் உள்ளே வெறும் எண்கள். இந்த இரண்டாவது முடிவைச் சேமிக்கும்போது புதுப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டுப் பழைய பெயரையே கொடுத்துவிட்டேன். அவள் ஒரு வாரமாக நின்றுகொண்டே தட்டிய இருபத்திரண்டு பக்கமும் போயே போய்விட்டது. உங்கள் தங்கையிடம் போய் அசடு வழிந்துகொண்டு, நீ எழுதினது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருபத்திரண்டு" என்றாள். இருபத்திரண்டு பேரும் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கே போய், வண்டி நிற்கிற கொட்டகையில் இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தி நானே அளந்தேன். ஒரு பேச்சு இல்லை, ஒரு விசாரிப்பு இல்லை, ஆளுக்கு ஐந்து எண், அடுத்தவர் வரலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கடைக்கு வந்து எண்களை மட்டும் தட்டி உங்கள் புரோகிராமில் போட்டேன். எண் மட்டுமே இருந்த கோப்பிலிருந்து எண்ணை மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் அப்படியே எடுத்துக் கொடுத்தது. அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் சொல்லவில்லை. மிச்சமிருந்த துணி சரியாக இருபத்திரண்டு சட்டைக்கு இருந்தது, ஒரு பாக்கெட்டுக்குக்கூட மேலே இல்லை. இரண்டு நாளில் தைத்து முடித்து, நேற்று நிலையத்தின் முற்றத்தில் எல்லோருக்கும் மாட்டிவிட்டேன். நிற்க வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. எனக்கு மார்பு புரோகிராமில் அடங்காத அளவுக்கு விரிந்துவிட்டது.

அப்போது தலைவர் கையை உயர்த்தினார், ட்ரம்பெட்காரர் ஊதினார். மச்சான், முதல் ஊதலிலேயே மூணு பித்தளைப் பட்டன் தெறிச்சுது. ஒண்ணு தலைவரோட கண்ணாடியில பட்டு விரிசல் விட்டுது. டிரம்காரர் கையைத் தூக்கினார், அக்குள் இரண்டு பக்கமும் கிழிஞ்சு, காத்து நல்லா வருதுன்னு சொன்னார். தலைவரோட சட்டை ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது, நான் காலரை இழுக்கிறேன், அவர் நிமிர்றார், மறுபடி சாயுது. இத்தனையிலும் எனக்கு வாய் சும்மா இருந்ததா? புல்லாங்குழல் பெண்ணுக்குக் கீழ்ப் பட்டன் போட வரவில்லை. அளந்து நாலு நாள்தானே ஆச்சு, அதுக்குள்ள என்னம்மா இது, கொஞ்சம் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாதா என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுவிட்டேன். அந்தப் பெண் முகம் சிவந்து உள்ளே போய்விட்டது. அங்கே இருந்த இன்னொரு அம்மா என் பக்கம் வந்து, அவளுக்கு நாலு மாசம், இன்னும் புருஷன் வீட்டிலேயே சொல்லவில்லை, இப்போ தண்ணீர்க் குழாயைப் பிடிக்கிறவரிலிருந்து வாசல் காவல்காரர் வரைக்கும் நீங்களே சொல்லிட்டீங்க என்றாள். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

கடைக்கு வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். காஜா அக்காதான் மனசு கேட்காமல் வந்து சொன்னாள். ட்ரம்பெட்காரரை ஊதச் சொல்லி, விரிந்த மார்பைத்தான் உங்கள் தங்கை அளந்தாளாம். டிரம்காரர் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும், தாராளமாக விடு என்று எழுதியிருந்தாளாம். தலைவருக்கு இடது தோள் ஒரு விரல் தாழ்வு, அவரிடம் சொல்லிக் காட்ட வேண்டாம், பஞ்சு வைத்துச் சமன் செய்துவிடு என்று எழுதியிருந்தாளாம். புல்லாங்குழல் பெண்ணுக்குப் பக்கத் தையலில் துணி மடித்து விட்டு வை, விழா வரைக்கும் தாங்க வேண்டும், யாரிடமும் பேச்செடுக்காதே என்று எழுதியிருந்தாளாம். இந்த நாலு பேர் விஷயம்தான் அக்காவுக்குத் தெரியும். மீதிப் பதினெட்டுப் பேரும் உங்கள் தங்கையின் தலைக்குள் இருக்கிறார்கள். அவள் தலைக்கு வெளியே எண்கள் மட்டும்தான் வருகின்றன.

எண்ணில் பேசுவது என்றால் எப்படி என்று உங்களுக்குப் புரியாது. கத்தரி எங்கே என்று கேட்டால் "நாலு" என்பாள். நாலாவது இழுப்பறையில் பார்த்தேன், நாலாவது மேசையடியில் பார்த்தேன், இல்லை. நாலு மணிக்குத் தருவாளோ என்று உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு உண்மையிலேயே கொண்டுவந்து வைத்தாள். டீ இருக்கிறதா என்றால் "ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அந்த ஒன்றை அவளே குடிக்கிறாள். காஜா அக்காவிடம் தனியாக வார்த்தையில் பேசுகிறாள், நான் உள்ளே நுழைந்தால் உடனே எண்ணுக்கு மாறிவிடுகிறாள். அந்த அக்காவும் சீக்கிரமே படித்துக்கொண்டுவிட்டாள். இவள் "பதினாலு" என்கிறாள், அவள் "ஆமா, முப்பத்தொண்ணு" என்கிறாள், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். முப்பத்தொன்று நான்தானோ என்று எனக்குச் சந்தேகம். கோபமா என்று கேட்டேன். "நூறு" என்றாள். மூன்று நாள் கழித்து மறுபடி கேட்டேன். "தொண்ணூத்தொன்பது புள்ளி அஞ்சு" என்றாள். இறங்குகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த வேகத்தில் போனால் அறுநூறு நாளில் பூஜ்யத்துக்கு வந்துவிடுவாள். சனிக்கிழமைக்கு வராது.

சிரிப்பாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் மச்சான். கடையில நாலு மெஷின் ஓடும், அதுக்கு மேல ஏறி அவ குரல் கேட்டுக்கிட்டே இருக்கும். யார் வந்தாங்க, யாருக்கு என்ன வலி, எந்தத் தெருவுல எந்த வீட்டு நாய் குட்டி போட்டுச்சுன்னு. இருபத்தோரு வருஷமா அது காதுல விழுந்துக்கிட்டே நான் காலர் தைச்சேன், ஒருநாளும் கோணினதில்லை. இந்த ஒன்பது நாள்ல ஏழு காலர் கோணிப்போச்சு. வீட்டுக்குப் போனா அதைவிட மோசம். சுவர்க் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் குப்பைன்னு சொன்னதுதான் என் நாள் பூரா இருந்திருக்கு. எண்ணெல்லாம் நடுநடுவுல வந்ததுதான். மன்னிப்புக் கேட்கலாம். வாசல் வரைக்கும் போறேன், அவ நிமிர்ந்து பார்க்கறா, நான் நூல்கண்டு இருக்கான்னு கேட்டுட்டு வந்துடறேன். ஏன்னா நான் கேட்டு, அவ "பூஜ்யம்"னு சொல்லிட்டா? அப்புறம் நான் எங்க போவேன்? நூறுன்னா கோபம், அதைத் தாங்கிக்கலாம். பூஜ்யத்துக்கு மேல கேட்க என்ன இருக்கு?

ஆகவே, மதிப்பிற்குரிய மைத்துனரே, இந்தக் கடிதம் நாளை கைக்குக் கிடைத்ததும் உடனே புறப்பட்டு வாருங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். வரும்போது அந்தப் புரோகிராமைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், எனக்கு வேண்டாம். தூக்கிப்போட்ட எழுத்தை எல்லாம் தேடிப் பொறுக்கித் தருகிற மாதிரி ஒன்று இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். நான் காலையிலிருந்து முன்கடையில் உட்கார்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே மெஷின்கள் ஓடுகின்றன, யாருக்கு என்ன தைக்கிறார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. உங்கள் வீட்டுக் கதவு எண்ணும் அஞ்சல் எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை, உறைமேல் எழுத உங்கள் தங்கையிடம்தான் கொடுக்க வேண்டும். எண்தானே, எழுதிவிடுவாள். பயப்படாதீர்கள், உறையை ஒட்டித்தான் கொடுப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் கணக்கிலும் சிறக்கட்டும், அதைவிடக் கட்டுரையில் சிறக்கட்டும். தங்கள் கணினி நீடூழி வாழ்ந்து, இனி என் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு:

அண்ணா, இதை எழுதுவது நான். பசை காயவில்லை, உறை தானாகவே திறந்துகொண்டது. முழுசும் படித்தேன், ஒரு எழுத்து விடவில்லை.

நீ கிளம்பி வர வேண்டாம். சட்டைகள் ஆகிக்கொண்டிருக்கின்றன. பதினேழு முடிந்தது, மீதி ஐந்தும் நாளைக்கு முடிந்துவிடும். நேற்று இவர் மேசையில் கவிழ்ந்ததைப் பார்த்தவுடனேயே நானும் காஜா அக்காவும் மாஸ்டரும் பின்கட்டில் உட்கார்ந்துவிட்டோம். தையலுக்குள் துணி இருக்கிறது, பயமில்லை. இவர் எவ்வளவு ரோஷத்தில் அளந்தாலும் மாஸ்டர் ஓரத்தில் ஒன்றரை இஞ்சு சேர்த்து வெட்டியிருக்கிறார், இவரிடம் சொல்லவில்லை. நான் எழுதிவைத்ததும் எங்கேயும் போகவில்லை. இவர் கணினி முன்னால் உட்காருகிறார் என்று தெரிந்த அன்றைக்கே என் போனில் ஒரு பிரதி எடுத்துவிட்டேன். புல்லாங்குழல் பெண்ணின் வீட்டுக்கு நானே போய் வந்தேன். அவள் புருஷன் வீட்டில் சொல்லியாகிவிட்டதாம், எப்படிச் சொல்வது என்று நாலு மாதமாகத் திண்டாடினாளாம், உங்கள் வீட்டுக்காரர் என் வேலையை மிச்சம் பண்ணிவிட்டார் என்று சிரிக்கிறாள். இதையும் இவரிடம் சொல்லவில்லை.

இன்னொன்று. உன் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. நீ அனுப்பிய இரண்டு தாளும் துணித் துண்டுகளுக்கு அடியில் கிடந்தன. அதில் பதினாறு வரி இருக்கிறது. மார்பு என்ற சொல்லை முதலில் தேடு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை எடு, அப்புறம் இடுப்பு என்ற சொல்லைத் தேடு என்று அழகாக எழுதியிருக்கிறாய். புள்ளிக்கும் வழி செய்திருக்கிறாய், எழுத்தால் எழுதிய எண்ணுக்கும் வழி செய்திருக்கிறாய். இவர் சாக்பீஸால் அதில் பதினோரு வரியை அடித்துவிட்டு ஐந்து வரியைத்தான் தட்டியிருக்கிறார். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: "அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வியாதி, வளவளப்பு." அடித்த பதினொன்றும் சொற்கள் இருந்த வரிகள். நீ போனில் வரவே வராது என்று சொன்னது சரிதான், உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர்தான்.

அதை உன்னிடம் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்கட்டும். பூஜ்யம் என்று நான் சொல்லமாட்டேன் அண்ணா. இருபத்தோரு வருஷத்தில் இவர் எனக்கு நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை, இப்போது உனக்கு எட்டுப் பக்கம் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு தடவை படித்தேன், இனிமேலும் படிப்பேன், அதனால் இதைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புகிறேன். இதோ, மறுபடியும் வாசல்வரை வந்து நிற்கிறார். கையில் நூல்கண்டு இருக்கிறது, ஆகையால் நூல்கண்டு கேட்க முடியாது. சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் கேட்காவிட்டால் நானே ஆரம்பித்துவிடுவேன், ஒன்பது நாளாயிற்று, வாய் நமநமவென்கிறது, சொல்ல வேண்டியது மலைபோலக் கிடக்கிறது.